நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வருபவர்

சிரிச்சீங்களே சார், நாப்பத்திரண்டாம் பக்கம்தானே? எட்டிப் பாக்கலை, சத்தியமா. ‘வெண்சங்கு’ இதழைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு ஆள் தனியா சிரிச்சா அது நாப்பத்திரண்டாம் பக்கமாத்தான் இருக்கும். மத்த பக்கத்துல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? பத்து வாரமா எல்லாரும் அங்கதான் சிரிக்கறாங்க. டீக்கடையில, சலூன்ல, பேங்க் கியூவுல. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

இந்த வாரம் புத்தக அலமாரி விஷயம் வந்திருக்குமே? வீட்டுக்காரர் அலமாரியை அடுக்கறார். ஒரு நாள் உயரப்படி, ஒரு நாள் எழுத்தாளர் வரிசைப்படி, ஒரு நாள் அட்டையோட கலர்படி. நாலாம் நாள் பொண்டாட்டி கேக்கறா, ஒண்ணை எடுத்துப் படிச்சுப் பாக்கட்டுமான்னு. அதுக்கு அவர், “ஐயையோ, கலைஞ்சுடும்”கறார். அதானே? பாத்தீங்களா, மறுபடியும் சிரிக்கறீங்க.

அந்த வீட்டுக்காரர் நான்தான் சார்.

எழுதினது எங்க வீட்டம்மா. த. அம்சவேணி, விருத்தாசலம். அதோ டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல, பச்சைப் புடவை, ஜன்னலோரம். இல்ல, கூப்பிட வேணாம். நாங்க ஒண்ணாத்தான் வர்றோம், ஒண்ணா உட்காரலை, அவ்வளவுதான். பக்கத்துல உட்கார்ந்தா பேசணும் பாருங்க. நாலு மாசமா அவ எங்கிட்ட செய்தி வாசிக்கற மாதிரிதான் பேசறா. ‘சாதம் மேசையில் உள்ளது. மழை வரும் போலிருக்கிறது.’ வணக்கம் மட்டும்தான் சொல்லலை.

என் பேர் தணிகாசலம். விருத்தாசலம் கோ. தணிகாசலம்னா கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? பரவாயில்லை. வாசகர் கடிதம் படிக்கற பழக்கம் உங்களுக்கு இல்லைன்னு நெனைக்கறேன். நீங்க முதல் பக்கத்துலேர்ந்து படிக்கறீங்க, அதைப் பாத்தாலே தெரியுது. பத்திரிகையை அப்படிப் படிக்கக் கூடாது சார். முதல்ல வாசகர் கடிதம். போன வாரம் என்ன பண்ணினோம்னு தெரிஞ்சாத்தானே இந்த வாரம் புரியும்? அப்புறம் ஜோக்கு, துணுக்கு. அப்புறம் கடைசிப் பக்கத்துலேர்ந்து பின்னாடியே வரணும். தலையங்கம் கடைசி. படிக்காமலும் விடலாம், அதை எழுதினவரே மறுநாள் மறந்திருப்பார். முப்பத்தஞ்சு வருஷமா இப்படித்தான் படிக்கறேன். ஒரு வார இதழ் கையில வந்தா முதல்ல பின் சரியா அடிச்சிருக்கான்னு பாப்பேன். நடுப்பக்கத்தை விரிச்சு மூக்குகிட்ட வெச்சு மோந்து பாப்பேன். இப்ப எல்லாரும் போன்ல தள்ளித் தள்ளிப் பாக்கறாங்க. மோந்து பாக்க முடியுமா அதை?

எங்க ஊர்ல பொழிலன்னு ஒரு நண்பர், சிற்றிதழ் நடத்தினவர். ஆறு இதழ் வந்துச்சு. மொத்தம் நாலு பேர் படிச்சோம், அதுல மூணு பேர் அதுல எழுதினவங்க. அவர் சொல்லுவார், “தணிகா, நீ எழுதறது ஜோக்கு, அது இலக்கியமில்ல”ன்னு. நான் சொல்லுவேன், ஐயா, உங்க இலக்கியத்தைப் படிச்சுட்டு யாராவது பஸ்ல தனியா சிரிச்சிருக்காங்களா? இல்ல, தனியா அழுதாவது இருக்காங்களா? சந்தா கட்டினவங்க அழுதாங்கன்னுதான் கேள்வி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மடியில ஒரு பழுப்புக் கவர் வெச்சிருக்கேன் பாருங்க, இதுதான் விஷயம். இன்னிக்குச் சாயங்காலம் சென்னையில ‘வெண்சங்கு’ வாசகர் சந்திப்பு. அம்சா பேசறா. அழைப்பிதழ்ல ‘துணைவருடன் வரவும்’னு போட்டிருக்கான். நான் துணைவர். பொட்டி தூக்கற துணைவர். ஆசிரியர் கையில இந்தக் கவரைக் குடுக்கப் போறேன். உள்ள நாலு பக்கக் கடிதம், ஒரு நோட்டுப் புத்தகம். த. அம்சவேணிங்கற பேர்ல பதினெட்டு வருஷமா வந்த இருநூத்து நாப்பது ஜோக்கும் துணுக்கும் எழுதினது கோ. தணிகாசலம்தான்னு ஆதாரத்தோட சொல்லியிருக்கேன். அவளுக்குத் தெரியாது. சொன்னா வந்திருக்கவே மாட்டா.

அப்படிப் பாக்காதீங்க சார். கேட்டுட்டு அப்புறம் பாருங்க.

அந்தக் காலத்துல ஒரு ஆளுக்கு ஒரு இதழ்ல ஒண்ணுதான் போடுவாங்க. ஒரு வாரத்துக்கு எனக்கு ஆறு ஏழு தோணும். மிச்சத்தை என்ன பண்றது? எல்லாரும் பண்ணினதைத்தான் நானும் பண்ணினேன், பொண்டாட்டி பேர்ல அனுப்பினேன். நெய்வேலியில ஒருத்தர் ரெண்டாங் கிளாஸ் படிக்கற மக பேர்ல அனுப்பிட்டே இருந்தார். அந்தப் பொண்ணு மத்திய பட்ஜெட்டைக் கண்டிச்சு கடிதம் எழுதியிருக்கு சார், படத்தோட வந்துச்சு. ரெட்டை ஜடை. இன்னொருத்தர் மாமியார் பேர்ல எழுதினார், மருமகனைப் பாராட்டி. அதெல்லாம் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. துணுக்கு எழுதறவங்க வீட்டுல பொறந்தாலோ வாக்கப்பட்டாலோ பேர் அச்சுல வந்தே தீரும்.

நான் அதுக்கு ஒரு முறை வெச்சிருந்தேன். மேசையில உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திட்டு, ஆழமா யோசிச்சு எழுதறதெல்லாம் என் பேர்ல. வீட்டுல அங்க இங்க நடக்கறப்ப சும்மா லேசா தோணறதெல்லாம் அவ பேர்ல. நியாயந்தானே? உசந்த சரக்கு எனக்கு, உதிரி அவளுக்கு.

ஆழமா எழுதினது எதுன்னா, மன்னர் ஜோக்கு. மன்னர், மந்திரி, போர்க்களம், புறமுதுகு. ஒரே வருஷத்துல நாப்பது மன்னர்களை அனுப்பினேன். தபால்தலை ஒட்டின கவரும் உள்ள வெச்சு அனுப்பினேனா, நாப்பது பேரும் ஒரு காயமும் இல்லாம திரும்பி வந்துட்டாங்க. ஆனா அவ பேர்ல போனது? பத்து அனுப்பினா எட்டு வரும். எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு சார், பத்திரிகை ஆபீஸ்ல பெண்களுக்குத் தனிச் சலுகை. வேற என்ன காரணம் இருக்க முடியும்?

இந்த நோட்டைப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் தேதி, தோன்றிய இடம், அனுப்பின நாள், வந்த இதழ். மின்வாரியத்துல புகார் பிரிவுல இருந்தவன் சார் நான், பதிவேடு இல்லாம தூக்கம் வராது. இது பாருங்க, தோன்றிய இடம்: கூடம். கரண்ட் போயிடுச்சு, ஞாயித்துக்கிழமை. நான் ஆபீசுக்கு போன் போடறேன் போடறேன், ஒருத்தரும் எடுக்கலை. அம்சா விசிறிக்கிட்டே சொல்றா, “எடுக்க வேண்டிய ஆளு இங்க உட்கார்ந்து போன் பண்ணிட்டிருந்தா அங்க யாரு எடுப்பா?” அப்படின்னு. உடனே எனக்கு ஒரு ஜோக்குத் தோணிச்சு. முதல் பரிசு!

இது, தோன்றிய இடம்: ஆஸ்பத்திரி வாசல். டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொன்னார். அம்சா வெளியில வந்து, “கடைக்கு நடந்து போயிட்டு வாங்கன்னு இருபது வருஷமா நான் சொல்றேன், அப்பல்லாம் நோயாளி கேக்கலையே”ன்னா. அதைக் கேட்டதும் பளிச்சுன்னு தோணிச்சு. இது, தோன்றிய இடம்: பெண்ணாடம், கல்யாண வீடு. தரகர் சொல்றார், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதும்மான்னு. இவ, “சரிங்க, நல்ல பழக்கம் ஏதாவது உண்டா?”ன்னு கேட்டா. எனக்கு அங்கயே, பந்தியில உட்கார்ந்திருக்கறப்பவே தோணிடுச்சு. இலைக்கு அடியில வெச்சு எழுதினேன்.

என்ன கேட்டீங்க? எல்லாத்துலயும் அவங்கதானே பேசறாங்கன்னா?

சார், பேசறது வேற, எழுதறது வேற. அவ பத்து வரி பேசுவா. அதுல ஏழு வரி என்னைத் திட்டறது. அந்த ஏழையும் எடுத்துட்டு மூணை மட்டும் அஞ்சலட்டையில எழுதறேன் பாருங்க, அதுக்குப் பேர்தான் எடிட்டிங். நான் பிடிச்சு வெக்கலைன்னா அதெல்லாம் குக்கர் விசில் சத்தத்தோட போயிருக்கும். இப்ப அவளே எழுதறாளே, அந்த ஏழு வரியையும் சேர்த்துத்தான் வருது. எடிட்டிங்கே கிடையாது.

டோல்கேட் வந்துடுச்சு. உளுந்தூர்பேட்டை. இனிமே சீக்கிரம் போயிடுவான்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நாலு மாசத்துக்கு முன்னாடி கடலூர்ல ஒரு வாசகர் வட்டம், அம்சாவுக்குப் பாராட்டு விழான்னு கடிதம் போட்டாங்க. ‘நகைச்சுவை நங்கை’ பட்டம். அவ, “நான் எதுங்க எழுதினேன், நான் வரலை”ன்னுட்டா. நான்தான் கெஞ்சி கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பக்கத்துக்குப் பேச்சும் எழுதிக் குடுத்தேன். ஆழமா எழுதினேன். அதுலயே ரெண்டு மன்னர் வந்தாங்க.

மேடை ஏறினா. பேப்பரைப் பிரிச்சா. படிச்சா, மனசுக்குள்ள. அப்புறம் நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு மைக்ல சொல்றா, “எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லா எழுதிக் குடுத்திருக்காருங்க. உங்களுக்கெல்லாம் வேலை இருக்கும், நான் வீட்டுல போய்ப் படிச்சுக்கறேன்.” மண்டபமே அதிர்ந்துச்சு சார். அப்புறம் இருபது நிமிஷம் பேசினா. பேப்பர் இல்லாம, வீட்டுல பேசற மாதிரியே. நான் முதல் வரிசையில உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சேன், வேகத்துக்குக் கை வரலை. ‘வெண்சங்கு’ ஆசிரியர் பின்வரிசையில இருந்திருக்கார். இறங்கினதும் அவகிட்ட வந்து, “அம்மா, வாரம் ஒரு பக்கம் எழுதித் தர்றீங்களா?”ன்னார். அவகிட்ட! நான் பக்கத்துல நிக்கறேன், எங்கிட்ட, “சார் நீங்க?”ன்னார். நான் யாரு? நாப்பது மன்னர்களைத் திருப்பி அனுப்பினீங்களே, அவங்களோட சொந்தக்காரன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

வினை அங்க இல்ல சார். வட்டத்துக்காரங்க நினைவுப் பரிசா ஒரு ஆல்பம் குடுத்தாங்க. அவ பேர்ல வந்த இருநூத்து நாப்பதையும் வெட்டி ஒட்டி, அட்டை போட்டு. பதினெட்டு வருஷமா, “அம்சா, உன் பேர் வந்திருக்கு பாரு”ன்னு பத்திரிகையை நீட்டுவேன். “கை ஈரமா இருக்கு, அப்புறம் பாக்கறேன்”பா. அவ்வளவுதான், பாக்க மாட்டா. அவளுக்கு அது என் விளையாட்டு. அன்னிக்குத் திரும்பி வர்றப்ப பஸ்ல அவ கை காய்ஞ்சிருந்துச்சு. வடலூர் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே படிச்சா. வடலூர் தாண்டினதும் சிரிப்பு நின்னுடுச்சு. நெய்வேலி வந்தப்ப ஆல்பத்தை மூடிட்டுக் கேட்டா.

“ஏங்க, என் பேர்ல வந்ததெல்லாம் நான் சொன்னது. உங்க பேர்ல போனதெல்லாம் ராஜா சொன்னது. நீங்க என்னதான் சொன்னீங்க?”

மந்தாரக்குப்பம் வரைக்கும் யோசிச்சுப் பாத்தேன், தோணலை.

அப்புறம் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினா. அவ அப்பா செத்த பதினாறாம் நாள். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க. இவ எச்சில் இலையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு வந்து, அழுதுகிட்டே எங்கிட்ட சொன்னா, “அவரு இருந்தப்ப ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிட வரலை. இன்னிக்கு எல்லாரும் சாம்பார் பிரமாதம்கறாங்க”ன்னு. அதை அனுப்பிட்டேன் சார். ரெண்டாம் பரிசு, ஒரு ஹாட்பாக்ஸ் வந்துச்சு. எட்டு வருஷமா அதுலதான் இட்லி வெச்சோம். அவளுக்கு அது எப்படி வந்த ஹாட்பாக்ஸுன்னு தெரியாது. மறுநாள் காலையில இட்லி தட்டுல இருந்துச்சு, ஹாட்பாக்ஸைக் காணோம்.

அது ஒண்ணு நான் பண்ணினது தப்பு. ஒத்துக்கறேன். இருநூத்து நாப்பதுல அது ஒண்ணு.

அன்னிலேர்ந்துதான் செய்தி வாசிப்பு. என் முன்னாடி ஒரு வார்த்தை வேடிக்கையா பேச மாட்டா. பக்கத்து வீட்டுல அவ குரல் கேக்கும், அப்புறம் எல்லாரும் சிரிக்கற சத்தம் கேக்கும். நான் காம்பவுண்டு ஓரமா போய் நிப்பேன். சிரிப்புதான் கேக்கும், என்ன சொன்னான்னு கேக்காது. இந்த நாலு மாசத்துல ஒரு துணுக்கு நான் எழுதலை. மேசையில உட்கார்றேன், மின்விசிறியை நிறுத்தறேன், வேர்க்குது, அவ்வளவுதான். இப்ப வர்ற பத்திரிகையெல்லாம் தரம் குறைஞ்சு போச்சு சார், எழுதறவனுக்கு ஒரு உந்துதலே வர மாட்டேங்குது.

இதுல கொடுமை எது தெரியுமா? அவ பக்கத்துல வாராவாரம் வர்றது யாரு? நான். வீட்டுக்காரர் இப்படிச் சொன்னார், வீட்டுக்காரர் அப்படி முழிச்சார். நான் பாட்டுக்கு என் வீட்டுல ஏதோ பேசறேன். அதை அப்படியே எடுத்து எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிடறா! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறது கிடையாது. ஒரு மனுஷன் வீட்டுல நம்பி வாயைத் திறக்க முடியுதா? இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.

ஏன் சார் சிரிக்கறீங்க? நான் ஜோக்கு எதுவும் சொல்லலையே.

விக்கிரவாண்டி தாண்டிட்டான் போல. டீக்கு நிறுத்தறான். நான் இறங்கலை. நீங்களும் இறங்கலையா? கவரை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, வேட்டியைச் சரி பண்ணிக்கறேன். அவ இறங்கறா. டீ வாங்கறா. ரெண்டு வாங்கறா. இல்ல, மூணு. இங்கதான் வர்றா, ஜன்னல்கிட்ட. கவரைக் கீழ வைங்க, கீழ வைங்க.

என்னம்மா? குடு. சார், இது உங்களுக்காம், வாங்கிக்குங்க.

போயிட்டா. போயிட்டாளா?

கேட்டீங்களா சார், என்ன சொன்னான்னு? உங்களைப் பாத்து! “சார், இவரு பேசறதைக் கேக்கறதுக்கு எனக்காவது தாலி கட்டியிருக்காங்க. உங்களுக்கு என்னங்க கட்டாயம்?” முன் சீட்டு அம்மா சிரிச்சுது பாருங்க, கண்டக்டர் டீயைக் கொட்டிக்கிட்டார். எனக்கு டீ மூக்குல ஏறிடுச்சு, இன்னும் எரியுது. நாலு மாசம் சார். நாலு மாசம் கழிச்சு என் காதுபட ஒண்ணு சொல்லியிருக்கா.

இன்னொண்ணும் பாத்திருப்பீங்க. சிரிச்சுக்கிட்டே இருக்கறப்ப என் கை சட்டைப் பையில இருக்கற பேனாவுக்குப் போச்சு. தானா போச்சு சார், நான் அனுப்பலை. அவ அதைப் பாத்துட்டா. அவ முகத்துல சிரிப்பு அப்படியே நின்னுது பாருங்க, வடலூர் தாண்டினப்ப நின்ன மாதிரியே. எனக்கு உசிரே போயிடுச்சு. நல்லவேளை, கைக்குட்டையும் அதே பையில இருந்துச்சு. எடுத்து மூக்கைத் துடைச்சேன். அவ ஒரு நிமிஷம் பாத்துட்டு, ரெண்டு டம்ளரையும் வாங்கிட்டுப் போனா. நம்பினாளான்னு தெரியலை.

கல்யாணமான புதுசுல நான் எழுத மாட்டேன். ஒரு ஏழெட்டு வருஷம். அவ சொல்லுவா, நான் சிரிப்பேன். சுவத்துல சாஞ்சு சிரிப்பேன், “போதும்டி, வயிறு வலிக்குது”ம்பேன். எழுத ஆரம்பிச்சதுக்கப்புறம் நான் சிரிச்சதா ஞாபகமே இல்ல சார். அவ வாயைத் திறந்தாலே பேப்பர் எங்கன்னுதான் தேடியிருக்கேன். அவ சொல்லி முடிச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பா. நான் முதுகைக் காட்டிக்கிட்டு எழுதிக்கிட்டு இருந்திருப்பேன். பதினெட்டு வருஷம்.

அந்தக் கவர் உங்க கால்கிட்டதானே இருக்கு? அதை உங்க பையிலயே போட்டுக்குங்க. சென்னையில நான் கேட்டாலும் குடுக்காதீங்க. கேப்பேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். கேட்டா தொலைச்சுட்டேன்னு சொல்லிடுங்க. நான் கொஞ்சம் முன்னாடி போறேன், அவ பக்கத்து சீட்டுக்காரம்மா இறங்கிட்டாங்க போலிருக்கு. உட்காரச் சொல்றாளா இல்லையான்னு பாப்போம். சொல்லலைன்னா நின்னுக்கிட்டு வர்றேன்.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்களைப் பாத்தா எழுதற ஆள் மாதிரி தெரியுது. நான் பேசறப்ப நீங்க ரெண்டு தடவை ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தீங்க, மறந்துடக் கூடாதுன்னு. அது எப்படிப்பட்ட முணுமுணுப்புன்னு எனக்குத் தெரியும் சார். என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்குங்க. ஆனா அந்தத் தாலி விஷயத்தை மட்டும் எங்கயும் அனுப்பிடாதீங்க. அது அவ சொன்னது.